ஏங்கும் பயிரும் எட்டாத அறிவும்

'கடுகு சிறுத்தாலும் காரம் போகாது' என்பது நம் முன்னோர் மொழி. உருவால் சிறியோர் திறத்தால் பெரியோராகலாம் என்பதற்கு அதனை நாம் எடுத்துக்காட்டாகக் கூறுவோம். அம்மொழியை அறிவியற் கண்கொண்டு நோக்கினால் வியப்பானதோர் உண்மை புலப்படும். கடுகை நசுக்காமல் நாவில் வைத்திருந்தால் காரம் தெரிவதில்லை. கடித்த பின்னரே காரம் பிறக்கிறது. கடுகினுள் குளுக்கோசினோலேட் என்னும் பொருள் ஓரிடத்திலும், மைரோசினேஸ் என்னும் நொதி வேறோரிடத்திலும் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. விதை நசுங்கும்போது இரண்டும் கலக்கின்றன. கலந்த கணமே காரநெய் உருவாகிறது. நம் வீட்டுச் சமையலறையே இதற்குச் சான்று. கொதிக்கும் எண்ணெயில் வெடித்த கடுகில் நொதி வெப்பத்தால் செயலிழந்துவிடுவதால் அதில் காரம் குறைவு. பச்சைக்கடுகை அரைத்துக் கலந்த பச்சடியோ மூக்கைத் துளைக்கிறது.

எனவே காரம் என்பது கடுகு தனக்கு நேர்ந்த காயத்திற்குத் தரும் மறுமொழியாகும். தன்னைக் கடிக்க வரும் பூச்சியை விரட்டுவதற்கு அச்செடி அமைத்துக்கொண்ட காவல் அது. நாம் அதனைச் சுவையென்று கொண்டோம்.

சங்க இலக்கியம் பயின்றோர்க்குக் கடுகும் காயமும் சேர்ந்து வருவது புதிதன்று. ஐயவி எனப்படும் வெண்சிறுகடுகைப் புண்பட்ட வீரனின் இல்லத்தில் சிதறிய செய்தியைப் புறநானூறு கூறுகிறது. திருக்குறளின் செறிவைப் போற்ற வந்த இடைக்காடரும் கடுகையே உவமையாகக் கொண்டார். எத்துணைச் சிறிய செயலும் கணக்கில் வரும் என்பதை உணர்த்தத் திருக்குர்ஆனும் கடுகின் வித்தையே சுட்டுகிறது. இவ்வாறு சொல்லிலும் நெறியிலும் இடம்பெற்ற கடுகு, கடந்த நாற்பது ஆண்டுகளில் உலக ஆய்வுக்கூடங்களிலும் முதலிடம் பெற்றுவிட்டது. அவ்வாய்வின் பயன் நம் ஊர் வயலை எட்டியிருக்கிறதா, எட்டவில்லையெனின் அதில் தமிழ்த்துறையாகிய நமக்குப் பங்கு உண்டா என்பதே ஈண்டு நாம் எழுப்ப விரும்பும் வினா.

தேவதானத்து வரப்பில்

இராசபாளையத்திலிருந்து தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் தேவதானம். கோயிலுக்கு இறையிலியாக விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும் சொல்லே ஊர்ப்பெயராக நிலைத்திருப்பதால், அவ்வூர் பழைய வேளாண் ஊர் என்பது பெயரிலேயே விளங்கும். மலையிலிருந்து இறங்கும் நீரைத் தேக்கும் சாசுதா கோயில் அணை அருகில் உள்ளது. நெல்லும் தென்னையும் கண்ணுக்குக் குளிர்ச்சி தரும். ஆயினும் மழை பொய்த்த ஆண்டில் அந்தக் குளிர்ச்சியின் விலையை அவ்வூரார் அறிவர்.

மாணவர் சிலருடன் நாம் ஒருமுறை அவ்வூர் வயல்வெளியில் நின்றோம். நெற்பயிர் பசுமையாகவே இருந்தது. வாடியதற்கு அறிகுறி எதுவும் நம் கண்ணுக்குப் படவில்லை. அருகிலிருந்த முதியவர் ஒருவர், "பயிர் தண்ணிக்கு ஏங்கி நிக்கு சார். இன்னும் வாடல. நாளைக்கு விட்டா வாடிரும்" என்றார். எப்படித் தெரியும் என்று மாணவர் ஒருவர் வினவ, "அதுக்கு வாய்தான் இல்ல தம்பி, சொல்லாம இருக்காது" என்று கூறிவிட்டு மடை திருப்பப் போய்விட்டார்.

உடன் வந்தவருள் தாவரவியல் பயிலும் மாணவர் ஒருவரும் இருந்தார். பயிரின் நெருக்கடி குறித்து அவர் தேர்வில் ஐந்து பக்கம் ஆங்கிலத்தில் எழுதியவர். நல்ல மதிப்பெண்ணும் பெற்றவர். முதியவர் சொன்ன 'ஏங்குதல்' தாம் படித்த பாடத்தில் எந்தப் பகுதியைச் சார்ந்தது என்று அவரால் உடனே சொல்ல இயலவில்லை. தாம் படித்ததை அந்த முதியவருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லவும் இயலவில்லை. அம்மாணவர் மீது குறை காண்பதற்காக இதனைக் கூறவில்லை. இருவரும் ஒரே பொருளை அறிந்திருந்தும், இடையில் ஒரு சொல் இல்லாமல் நின்றார்கள் என்பதே நம் நெஞ்சை உறுத்தியது.

ஒரு களைச்செடி சொன்ன செய்திகள்

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடி உண்டு. உணவுக்கும் உதவாது, எண்ணெய்க்கும் உதவாது, மேலை நாடுகளில் சாலையோரத்தில் முளைக்கும் வெறும் களை. எனினும் ஏறத்தாழ ஆறு வாரத்தில் முளைத்துப் பூத்து விதைத்து முடிவதாலும், மரபுப்பொருள் மிகச் சிறியதாக இருப்பதாலும் ஆய்வாளர் அதனைத் தேர்ந்தனர். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டது. தாவர உலகில் அவ்வாறு படிக்கப்பட்ட முதற்செடி அதுவே. ஐந்தே குரோமோசோம்களில் ஏறத்தாழ 25,500 மரபணுக்கள் கணக்கிடப்பட்டன.

அச்செடியைக் கொண்டு அறிந்தவற்றுள் சிலவற்றை நோக்குவோம். வேரடி ஈரம் குறையத் தொடங்கியதும், இலை வாடுவதற்கு முன்னரே, செடியில் அப்சிசிக் அமிலம் என்னும் இயக்குநீர் பெருகுகிறது. இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன, நீர் வெளியேறுவது குறைகிறது, வளர்ச்சி மட்டுப்படுகிறது. கண்ணுக்குச் செடி பசுமையாகவே தோன்றும். உள்ளே பஞ்சகாலச் சிக்கனம் தொடங்கிவிட்டிருக்கும். இவ்வியக்குநீர் 1960களின் தொடக்கத்தில் இளம் பருத்திக் காய்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது என்பது பருத்தி விளையும் நம் பகுதிக்கு உரிய செய்தி. அதனைச் செடி எவ்வாறு உணர்ந்துகொள்கிறது என்பதோ 2009இல் அராபிடாப்சிஸ் செடியில்தான் தெளிவாயிற்று. பருத்தியில் தொடங்கிய வினாவுக்குக் கடுகினத்தில் விடை கிடைத்தது.

தேவதானத்து முதியவர் 'ஏங்குதல்' என்றும் 'வாடுதல்' என்றும் இரண்டாகப் பிரித்துச் சொன்னாரே, அது இதுதான். இலைத்துளை மூடி நிற்கும் நிலை ஏக்கம். உயிரணுக்கள் நீரிழந்து துவளும் நிலை வாட்டம். ஆய்வுக்கூடம் கருவி கொண்டு பிரித்ததை அவர் கண்கொண்டு பிரித்தார்.

உவர்மண்ணைத் தாங்காத செடிகளைத் தேடிப் பிரித்து, 1990களில் அமெரிக்க ஆய்வாளர் உப்பைச் சமாளிக்கும் மரபணுக்களைக் கண்டறிந்தனர். வேருக்குள் புகுந்த சோடியத்தை வெளியே தள்ளும் வாயிற்காவலர் போன்றவை அவை. பின்னர் நெல்லிலும் அதே வழிமுறை இருப்பது அறியப்பட்டது. 2014இல் மிசௌரிப் பல்கலைக்கழகத்தார், கம்பளிப்புழு இலையைக் கடிக்கும் அதிர்வைப் பதிவு செய்து, புழு இல்லாமலே அவ்வதிர்வைச் செடிக்கு அளித்தனர். அவ்வாறு அதிர்வு பெற்ற இலையைப் பின்னர்ப் புழு கடித்தபோது அதில் காரப்பொருள் மிகுதியாகச் சுரந்தது. காற்றின் அதிர்வுக்கு அச்செடி அவ்வாறு செய்யவில்லை. 2018இல் விசுகான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர், ஓர் இலை கடிபட்டவுடன் கால்சியத்தாலான செய்தி ஓரிரு மணித்துளியில் தொலைவிலுள்ள இலைகளுக்கும் பரவுவதை ஒளிரும் படமாகவே காட்டினர்.

இன்னுமொன்று. ஒருமுறை வறட்சி கண்டு மீண்ட செடி, மறுமுறை வறட்சி வரும்போது முன்னினும் திறமையாக நீரைக் காத்துக்கொள்கிறது என்பதை நெபுராசுகா பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்டனர். நம் உழவர் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று கூறி நெல்லுக்கு நீரை விட்டும் நிறுத்தியும் பாய்ச்சுவர். மானாவாரி விதையை ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைக்கும் விதைக் கடினப்படுத்தல் முறையை வேளாண் துறையினர் பரிந்துரைக்கின்றனர். இவற்றை அந்த ஆய்வு மெய்ப்பித்துவிட்டது என்று நாம் கூற வரவில்லை. ஒப்பிட்டு ஆராயத்தக்க வினா இங்கு இருக்கிறது என்றே கூறுகிறோம். அவ்வினாவை எழுப்பத்தக்கவர் வரப்பையும் வகுப்பறையையும் ஒருங்கே அறிந்த நம் மாணவரே.

2022ஆம் ஆண்டு புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் நிலவிலிருந்து அப்பல்லோப் பயணங்கள் கொணர்ந்த மண்ணில் இதே செடியை முளைக்கச் செய்தனர். விதைகள் முளைத்தன. ஆனால் செடிகள் குன்றின. உப்பும் உலோகமும் தாக்கும்போது விழித்தெழும் மரபணுக்கள் அவற்றில் விழித்திருந்தன. நிலா மண்ணில் ஒரு செடி பட்ட பாட்டை உலகம் அறிந்துகொண்டது. தேவதானத்து மண்ணில் பயிர் படும் பாட்டைச் சொல்லும் சொற்கள் மட்டும் எந்த ஏட்டிலும் ஏறாமல் அம்முதியவரோடு நிற்கின்றன.

நம் நாட்டார் செய்த பணி

இத்துறையில் நம் நாடு பின்தங்கியது என்று எண்ணிவிட வேண்டா. தாவரங்களின் மறுமொழியைக் கருவிகொண்டு அளந்து 1901இல் இலண்டனில் அறிஞர் அவையில் காட்டியவர் சகதீச சந்திர போசு. அவர் ஆய்வுக்கூடத்தில் கொதிநீரில் இட்ட முட்டைக்கோசின் துடிப்பைக் கண்டு, மரக்கறி உண்பவரான பெர்னாட்சா மனம் வருந்தினார் என்பர். முட்டைக்கோசும் கடுகுக் குடும்பமே என்பது நினைவுகொள்ளத்தக்கது.

அரியானா மாநிலம் கர்னாலில் 1969இல் நிறுவப்பட்ட மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனம், உவர்நிலத்தைத் தாங்கி விளையும் சி.எசு. 52, சி.எசு. 54, சி.எசு. 56 முதலிய கடுகு வகைகளை உருவாக்கியது. இராசத்தானத்துப் பரத்பூரில் 1993 முதல் கடுகுக்கெனத் தனி ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. காய் முற்றும் பருவத்தில் தாக்கும் வெப்பம், நீர்ப்பற்றாக்குறை, அசுவினிப் பூச்சி ஆகியவை வடநாட்டுக் கடுகு உழவரின் கவலைகள். சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியால் நிறைவு செய்யும் நாடு நம் நாடு. ஆகவே அவர்கள் கவலை நம் அடுப்படியையும் தொடுகிறது.

தமிழகத்தில் 1988இல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்.எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், கடற்கரைச் சதுப்பில் உப்புநீரில் வாழும் வெண்கண்டல் மரத்தின் மரபணுக்களை ஆராய்ந்து நெல்லில் சேர்த்துப் பார்த்தனர். நம்மூர்க் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தின் வறட்சி தாங்கும் மரபணுக்களையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. நமக்கு இன்னும் அண்மையில், கோவில்பட்டியில் 1901 முதல் மானாவாரிப் பயிர்களுக்கான ஆராய்ச்சி நிலையம் இருந்து வருகிறது. திருவில்லிபுத்தூரிலேயே பருத்தி ஆராய்ச்சி நிலையம் உள்ளது, எசு.வி.பி.ஆர். என்ற முன்னெழுத்துடன் வெளிவந்த பருத்தி வகைகள் அவ்வூரின் பெயரையே தாங்கி நிற்பவை. பேருந்தில் ஒரு மணிப் பயணத்தில் சென்று காணத்தக்க இந்நிலையத்தை நம் மாணவருள் எத்துணைப் பேர் கண்டிருப்பர்?

சொல் இல்லாத இடத்தில்

"கடுகு நம் பகுதியில் விளையும் பயிரன்று, அதன் ஆய்வு நமக்கெதற்கு?" என்று சிலர் வினவக்கூடும். களைச்செடியில் கண்ட உண்மை நெல்லுக்கும் பருத்திக்கும் பொருந்தி வந்ததை மேலே கண்டோம். "அறிவியல் ஆங்கிலத்தில் இருக்கிறது, அது போதாதா?" என்பார் வேறு சிலர். ஆய்வாளருக்குப் போதும். மடை திருப்பும் உழவருக்குப் போதாது. அவருக்கும் ஆய்வாளருக்கும் இடையே நிற்க வேண்டிய நம் பட்டதாரிக்கும் போதாது.

ஆங்கிலத்தார் பயிரின் இந்நிலையை 'ஸ்டிரெஸ்' என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றனர். நாம் அதற்கு இயற்பியல் நூலில் தகைவு என்றோம். உளவியலில் அழுத்தம் என்றோம். தாவரவியலில் ஒருவர் இறுக்கம் என்கிறார், மற்றொருவர் நெருக்கடி என்கிறார். அகராதியைப் புரட்டிச் சொல் செய்தோமேயன்றி வரப்பில் நின்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏங்குதல், வாடுதல், இலை சுருளுதல், சுணங்குதல், கருகுதல், சாவியாதல், மீண்டும் பச்சைபிடித்தல் என்று நிலைக்கொரு சொல் கிடைத்திருக்கும். இவை ஒவ்வொன்றும் கூர்ந்து கண்டறிந்த உண்மையின் பெயர். இவற்றைப் பேசும் தலைமுறை மறைந்தால் சொல் மட்டும் மறைவதில்லை. பார்க்கும் கண்ணும் உடன் மறைந்துவிடும். வயலை விற்று நகருக்குப் பெயரும் குடும்பங்கள் பெருகிவரும் இந்நாளில் அதற்கு நெடுங்காலம் ஆகாது.

சொல்லோடு உரிமையும் பிணைந்துள்ளது. தில்லிப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய மரபணு மாற்றுக் கலப்பினக் கடுகான டி.எம்.எச். 11 வகையைச் சுற்றுச்சூழலில் வெளியிடலாம் என்று மத்திய அரசின் மதிப்பீட்டுக் குழு 2022 அக்டோபரில் பரிந்துரைத்தது. 2024 சூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அவ்வொப்புதல் குறித்து இருவேறு தீர்ப்புகளை அளித்தனர். மரபணு மாற்றுப் பயிர்களுக்கெனத் தேசியக் கொள்கை வகுக்கப்பட வேண்டும் என்பதில் ஒன்றுபட்டனர். அக்கொள்கை ஒருநாள் நம் பருத்திக்கும் நெல்லுக்கும் விதி சொல்லும். அதனை வரவேற்பதும் எதிர்ப்பதும் அவரவர் ஆய்ந்து கொள்ளும் முடிவு. ஆயின் பொருள் விளங்காமல் கைதட்டுவதும் தவறு. பொருள் விளங்காமல் அஞ்சுவதும் தவறு. தம் விதையைப் பற்றிய விவாதத்தைத் தம் மொழியில் கேட்க வழியில்லாத உழவருக்கு இவ்விரண்டைத் தவிர வேறு வழியை நாம் அமைத்துத் தரவில்லை.

தமிழில் எழுதப் புகுவோர்க்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். செடி அழுகிறது, வலியால் துடிக்கிறது என்றெல்லாம் எழுதுவது எளிது. படிப்போர்க்குச் சுவையாகவும் இருக்கும். செடிக்கு நரம்புமில்லை, மூளையுமில்லை. அது மறுமொழி தருகிறது என்பது மெய்ப்பிக்கப்பட்டது. வலியை உணர்கிறது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. முதியவர் சொன்ன ஏக்கத்தைக் கலைச்சொல்லாகக் கொள்ளும்போது அதன் எல்லையையும் நாம் வரையறுத்தே ஆக வேண்டும். கவிதைக்கு உரிய உரிமை கட்டுரைக்கு இல்லை.

நாம் செய்யத்தக்கவை

தமிழ்த்துறை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில், தம் வீட்டுப் பெரியோரிடம், பயிரின் நிலை குறித்த பத்துச் சொற்களைக் கேட்டு எழுதி வரலாம். எந்தப் பயிர், எந்தப் பருவம், எந்த அறிகுறி என்பதையும் உடன் குறித்தல் வேண்டும். தாவரவியல் துறையினர் அச்சொற்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் செடியின் எந்நிலையைக் குறிக்கிறது என்று அளந்து பார்க்கலாம். ஏங்குவதாக உழவர் சுட்டிய பயிரின் இலைத்துளைகள் மூடியிருக்கின்றனவா என்று காண ஒரு நுண்ணோக்கியே போதும். நம் கல்லூரியிலேயே அது உள்ளது. ஆண்டுக்கொரு முறையேனும் திருவில்லிபுத்தூர், கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையங்களுக்கு இரு துறை மாணவரும் சேர்ந்து செல்லலாம். திரும்பி வந்தபின் தாம் கண்டதை ஊர்ப் பெரியோர் முன்னிலையில் தமிழில் எடுத்துரைக்கலாம். அவ்வவையில் உழவர் கேட்கும் கேள்வியே நல்ல தேர்வுத்தாளாக அமையும்.

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. சமுதாயப் பெரியோர் தங்கள் ஊரில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கித் தந்தால் போதும். ஆசிரியப் பெருமக்கள் துறைச்சுவரை ஒரு நாள் மறந்தால் போதும். பள்ளிப்படிப்பைத் தாண்டாத பெற்றோர் தம் பிள்ளைகளை நம் கல்லூரிக்கு அனுப்புவது பட்டத்திற்காக மட்டுமன்று. கற்ற பிள்ளை தமக்கு ஏதேனும் ஒன்றை விளக்கிச் சொல்லும் என்ற எதிர்பார்ப்பும் அவர்கள் உள்ளத்தில் இருக்கிறது. அந்த எதிர்பார்ப்பும் ஒரு வகையில் ஏக்கமே. அது வாட்டமாக மாறும் முன் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஆண்டு மலரில் கவிதைகளுக்கும் கட்டுரைகளுக்கும் இடையே நான்கு பக்கங்களை இச்சொற்களுக்கென ஒதுக்குமாறு மலர்க்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். முதற்சொல்லாக 'ஏங்குதல்' இடம்பெறட்டும். அதன் பொருளை அந்தத் தாவரவியல் மாணவரே எழுதட்டும். அச்சான மலரின் முதற்படியை எடுத்துக்கொண்டு நாம் தேவதானம் செல்வோம். பெரியவர் படித்துக் கேட்டுவிட்டுப் பிழை திருத்துவார்.